நான்கு டிகிரி முன்னே

ஜனவரி 8, திங்கள்

மூடுபனி. திருநின்றவூரில் எதிர் பிளாட்பாரம் தெரியவில்லை. ரயில் இருபது நிமிடம் தாமதம். மஃப்ளர் கட்டிய தலைகள், இருமல்.

ஆபீஸில் பதினொரு கடிதங்கள். எல்லாம் போல்ட் பற்றி.

புது டைரி. போன வருடத்து டைரியைப் புரட்டினால் பாதி ஆட்கள் யாரென்று எனக்கே பிடிபடவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

பிரகாஷ் – முதலாளியின் மகன். கல்லூரியில் என் வகுப்பு. தனியாக இருந்தால் டா. அவன் அப்பா எதிரில் நீங்க, வாங்க.
அவன் அப்பா – எல்லோருக்கும் பெரியவர். போல்ட் கம்பெனி, அம்பத்தூர் எஸ்டேட்.
நிஜாம் பாய் – மெக்கானிக். பூந்தமல்லி. நாற்பதுக்குள். என்னை ரைட்டரே என்பார். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்ற அர்த்தத்தில்.
வண்டி – பழைய ஃபியட். அதில் பிரகாஷின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டர்போ.
நான் – எம்.ஏ. தத்துவம். கம்பெனிக் கடிதங்கள்.

வண்டிக்கு வலு போய்விட்டது. நேற்று முழுக்க நிஜாம் உட்கார்ந்து புதுச் சாமான்களைப் பூட்டி முடித்தார். இன்று மதியம் பிரகாஷ் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். இறங்கிக் கதவைச் சாத்தாமல் நின்றான்.

"எஸ்டேட் கோடி மேடு மூணாவது கியர்ல ஏறல. போன மாசம் நாலாவதுல ஏறுச்சு."

"இன்னா சொல்ற நீ" என்றார் நிஜாம். துணியில் கை துடைப்பதை நிறுத்தவில்லை.

"வந்து ஓட்டிப் பாரு பாய். மாட்டு வண்டி."

ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தார்.

பூந்தமல்லியில் அவர் பட்டறை இருக்கும் இடத்தில் கடைகள் கட்டப்போகிறார்கள். தை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் சும்மா கிடந்தது. வண்டி வேலைக்காக இப்போது அதன் சாவி நிஜாமிடம். 21ஆம் தேதி ஞாயிறு, சோழவரத்தில் கார்ப் பந்தயத்துக்குப் பயிற்சி ஓட்டம். அன்று வண்டி நன்றாக ஓடினால் ஷெட் நிஜாமுக்கு. பெரியவர் வாயால் சொன்னது. காகிதத்தில் இல்லை.

பதின்மூன்று நாள்.

ஜனவரி 9, செவ்வாய்

புதிதாகச் செய்தவை:
கார்புரேட்டரில் பெரிய ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளை.
அகலமான சைலன்ஸர் குழாய்.
டர்போ தள்ளும் காற்று, ஏழு பவுண்டிலிருந்து பத்து.
பொறி நேரம்.

கடைசி ஒன்று சாமான் இல்லை, திருத்தம். பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்பது. எல்லோரும் டைமிங் என்கிறார்கள். பொறி நேரம் என்பது என் சொல்.

டர்போவோடு ஆங்கிலக் கையேடு வந்தது. நிஜாமுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் நன்றாகப் படிப்பார், தினசரியை விளம்பரம் உட்பட முடித்துவிட்டுத்தான் வைப்பார். அதனால் நவம்பரில் முழுக் கையேட்டையும் நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். டிகிரியும் பவுண்டும் தவிர ஆங்கிலச் சொல் கிடையாது. வாயு உள்வாங்கி. கசிவுத் தடை. ஜெட்டுக்கு வாய். டர்போவுக்குச் சுழல் ஊதி.

நிஜாம் படித்துவிட்டுக் கேட்டார்: "இது இன்னா, கோயில் கல்வெட்டா?"

ஆனாலும் அதன்படியே செய்தார். டர்போவை மட்டும் அவர் சங்கு என்றே சொல்கிறார். உண்மையில் சங்கு போலத்தான் இருக்கிறது.

இரவு ரசம், அப்பளம். அக்காவுக்கு எரிச்சல். அவள் வேலை பார்க்கும் ஃபாக்டரியில் ஏதோ.

ஜனவரி 11, வியாழன்

காலையில் வெயில், பிறகு மூட்டம்.

ரப்பர் குழாய்களில் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று நிஜாமுக்குச் சந்தேகம். சோப்பு நுரையைக் குழைத்து ஷேவிங் பிரஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினார். இன்ஜின் ஓடும்போது நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், மூன்று ஆண்கள், குனிந்து. ஒரு மூட்டில் குமிழி வந்தது. பிரகாஷ் என் தோளைத் தட்டினான். கிளிப்பை இறுக்கினார். மறுபடி ஓட்டம்.

அதே மாட்டு வண்டி.

விசித்திரம் இதுதான்: காற்றழுத்த முள் பத்தைத் தொடுகிறது. கையேட்டில் சொன்னபடியே. சங்கு நன்றாகத்தான் ஊதுகிறது. வண்டிதான் போகவில்லை.

பிரகாஷ்: "சங்கு ஊதியாச்சுன்னா அப்புறம் எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே."

நிஜாம் சிரித்தார். "நாலு பேரு வேணும் நைனா. நம்ம மூணு பேருதான் கீறோம்."

மறுபடி குனிந்தோம்.

ஜனவரி 13, சனி. போகி

ஐந்து மணிக்கே டயர் புகை. கண் எரிச்சல். ஏரிப்பக்கம் வானம் இல்லை, சாம்பல்தான். அக்கா பழைய பாயைக் கொளுத்தச் சொன்னாள். அதற்குள் என் கல்லூரிக் குறிப்புகளும் போயிருக்கின்றன. தெரிந்து போட்டாளா, தெரியாமலா. கேட்கவில்லை.

ஆபீஸ் அரை நாள். பிறகு ஷெட்.

நிஜாம் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றினார். சுத்தம். காற்று வடிகட்டி. சுத்தம். பெரிய ஜெட்டை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டுப் பார்த்தார். இன்னும் மோசம். திரும்பப் பெரியது.

இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், ஒரு கை பானெட்டின் மேல்.

"ரைட்டரே, சத்தம் மந்தமா கீது."

"மந்தம்னா?"

"தூங்கி எழுந்தவன் பேசற மாரி. டைமிங் லேட்டா கீதோன்னு தோணுது. வேற வண்டியா இருந்தா கைய வெச்சி ஒரு திருப்பு திருப்பிட்டு போய்கினே இருப்பேன்."

"நோட்டுல இருக்கிறபடிதானே வெச்சீங்க?"

"அப்டியே வெச்சேன். கோடு கிழிச்சிகீறேன் பாரு. நீ எழுதுன நாலு டிகிரி. நூலு கூட நவுறல."

"அப்ப அது சரியாத்தான் இருக்கும் பாய். ஜப்பான்காரன் கணக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சங்கு மாட்டுன வண்டிக்கு லேட்டாத்தான் வெக்கணும்னு ஹார்பராண்ட ஒருத்தன் சொல்லிகினு இருந்தான். சரி. இருக்கும்."

பானெட்டை மூடினார்.

ஜனவரி 14, ஞாயிறு. பொங்கல்

பொங்கல் பால் பொங்கியது. அக்காவும் நானும் மட்டும். அடுத்த வீட்டில் ஒன்பது பேர், ரேடியோ, சண்டை.

மாலை பூந்தமல்லி. கரும்பும் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலும் நிஜாமுக்கு. பட்டறை என்பது ஒரு புளியமரம், கீற்றுக் கொட்டகை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. பின்னால் ஒட்டினாற்போல் வீடு. சுவரில் யாரோ வந்து சிவப்புச் சாயத்தில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடு சமையலறை ஜன்னல் வழியாகப் போகிறது.

நிஜாமின் மனைவி ஜமீலா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அந்த ஷெட்டுல தண்ணி கொழா கீதாண்ணே? இவரு கை கழுவவே ரெண்டு கொடம் வோணும்."

இருக்கிறது என்றேன். தண்ணீர் வருமா என்று எனக்குத் தெரியாது.

"ரைட்டரு சொன்னா சரிதான்" என்றார் நிஜாம். நக்கலா என்று தெரியவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

போய்ப் பார்த்தேன். ஷெட்டில் குழாய் இருக்கிறது. திருகினால் காற்று மட்டும் வருகிறது.

ஜனவரி 17, புதன்

மாலை ஐந்தரை. எஸ்டேட் சாலையில் நான்கு முறை போய் வந்து நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் டர்போவுக்குப் போகும் இரும்புக் குழாய் சிவந்திருந்தது. நன்றாகச் சிவப்பு. ரேடியேட்டர் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. நிஜாமின் முழங்கையில் பட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே சட்டையை உதறினார்.

சைலன்ஸரில் அவ்வப்போது ஒரு வெடிச்சத்தம்.

பிரகாஷ்: "பாய், பெரிய வேலைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம். கிண்டியில ஒருத்தர் இருக்காரு. ரேஸ் வண்டி மட்டும்தான் பார்ப்பாரு."

"நாலு நாள் கீதுல்ல."

"நாலே நாள்தான் இருக்கு."

ஒரே எண். இருவர் வாயில் இரண்டு அளவு. இதை எழுதி அடித்தேன். மறுபடி எழுதுகிறேன்.

ஜனவரி 19, வெள்ளி

நிஜாம் ஜும்மா தொழுகைக்குப் போகவில்லை. இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. சங்கை மொத்தமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று வாயால் ஊதிப் பார்த்தார். சுற்றியது. வால்வுகளைத் திறந்து இடைவெளி அளந்தார். சரி. அழுத்தம் அளந்தார். நான்கு சிலிண்டரும் சரி.

நோட்டைப் பால் கவர் ஒன்றில் போட்டு, டூல் பெட்டியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அதை எடுத்து, விரலைத் துடைத்து, அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார். என்னிடம் ஒருமுறை படித்துக் காட்டினார்: "பெரிய வாய் பொருத்தியபின் பொறி நேரத்தை நான்கு டிகிரி முன்னே நகர்த்துக." பிறகு இன்ஜினுக்குள் கோட்டைப் பார்த்தார். "நவுத்தியாச்சு."

அழகான வாக்கியம் என்று நினைத்தேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், அதைத்தான் நினைத்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

சோழவரம். பழைய விமான ஓடுபாதை. மரம் கிடையாது. வறண்ட காற்று, பஜ்ஜி எண்ணெய், ரப்பர் கருகிய வாசனை. பெரியவர் தன் காரிலேயே உட்கார்ந்திருந்தார், கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே நீட்டி.

பிரகாஷ் ஆறு சுற்று போனான். முதல் சுற்றில் பின்னால் இருந்த மூன்று வண்டி முந்தின. மூன்றாவதில் ஒரு சாதாரண ஃபியட் முந்தியது. டர்போ இல்லை, ஒன்றும் இல்லை, மேலே லக்கேஜ் கம்பிகூடக் கழற்றாத வண்டி. கூட்டத்தில் யாரோ, "இன்னா மாமே, பொண்ணு பாக்க போறியா?" என்று கத்தினார்கள். ஆறாவது சுற்றில் நீராவி.

நிஜாம் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பெரியவர் குரலை உயர்த்தவில்லை.

"பாய், கைக்கு அடங்காத வேலைய எடுத்துக்கக் கூடாது."

"எல்லாம் புக்குல கீற மாரிதான் செஞ்சேன் மொதலாளி."

"புக்குல இருந்தா வண்டி ஓடியிருக்கணுமே."

நிஜாம் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று இல்லை. சும்மாதான் பார்த்தார். ஷெட் சாவியை இடுப்பு நாடாவிலிருந்து அவிழ்க்க நேரமாயிற்று, விரலெல்லாம் எண்ணெய்.

ஜனவரி 22, திங்கள்

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் நிஜாமின் சாமான்கள் போயின. டூல் பெட்டி, ஜாக்கி இரண்டு, டயர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கடைசியாகப் பால் கவரை என்னிடம் நீட்டினார்.

"இது உன்னுது."

"வெச்சுக்குங்க பாய்."

"நான் இன்னா பண்ண? எங்கூட்ல சங்கு கீதா?"

கேட்டில் வாட்ச்மேன் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னான். திறந்து காட்டினார்.

கிண்டி ஆள் வியாழக்கிழமை வருகிறாராம். ஷெட்டுக்குள் இப்போதே அட்டைப் பெட்டிகள் அடுக்குகிறார்கள்.

காய்ச்சல் போல இருக்கிறது. காய்ச்சல் இல்லை.

ஜனவரி 23, செவ்வாய்

இதை ரயிலில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக விழுகிறது.

நேற்று மாலை சுவர்க் கடிகாரத்துக்குப் புது செல். அக்கா சமையலறையிலிருந்து, "அஞ்சு நிமிஷம் முன்னாடி வை, அப்பத்தான் காலைல வண்டிய பிடிக்க முடியும்" என்றாள். என் வாட்சில் சரியாக ஏழு. ஏழுக்கு ஐந்து நிமிடம் முன்னாடி என்றால் ஆறு ஐம்பத்தைந்து. அப்படி வைத்தேன். யோசிக்கவில்லை, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அவள் ஏழு பத்து வண்டியை விட்டுவிட்டாள். திரும்பி வந்து வாசலில் செருப்போடு நின்றாள்.

"முள்ள முன்னாடி தள்ளச் சொன்னா நேரத்த முன்னாடி தள்ளி வெச்சிருக்க. எம்.ஏ. வேற."

"முன்னாடின்னுதானே சொன்னே."

"முன்னாடின்னா முன்னாடிதான். எல்லாருக்கும் புரியும். உனக்குத்தான் புரியாது."

லேட் மார்க். இந்த மாதம் மூன்றாவது. அவள் அழவில்லை, டிபன் பாக்ஸை மேஜையில் வைத்த விதம்தான்.

பட்டாபிராம் தாண்டியதும் பிடிபட்டது.

முன்னே நகர்த்துக.

நான் எழுதியது: பொறி முன்னதாக விழ வேண்டும். நேரத்தில் முன்.
அவர் படித்தது: பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் தலையைக் கையால் பிடித்து முன்பக்கம், ரேடியேட்டர் பக்கம், நான்கு டிகிரி நகர்த்த வேண்டும். இடத்தில் முன்.

நகர்த்துக என்று எழுதினால் வேறு எதை நகர்த்துவார்? நேரத்தைக் கையால் பிடிக்க முடியுமா?

அந்தத் தலையை முன்பக்கம் திருப்பினால் பொறி தாமதமாகுமா, முன்னதாகுமா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னார், லேட்டா கீதோன்னு. அந்தச் சொல் என் காதில் விழுந்தது. நான் ஜப்பான்காரனைக் காட்டினேன்.

ஆங்கிலத்தில் இருந்த சொல் அட்வான்ஸ். எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சொல். வீட்டுக்காரனுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் ஞாபகத்துக்கு வந்து அசிங்கமாகப் பட்டது. அதனால் எடுத்துவிட்டேன்.

எம்.ஏ.வில் காலம் பற்றி ஒரு முழுத் தாள் எழுதினேன். அறுபத்திரண்டு மதிப்பெண்.

அண்ணனூரில் ரயில் நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளங்களில் ஆளில்லாத பெட்டிகள், கழுவக் காத்திருப்பவை.

ஜனவரி 24, புதன்

மதிய இடைவேளை. வண்டி ஷெட்டுக்கு வெளியே, தார்ப்பாய்க்குக் கீழே. இரண்டு மாதம் பக்கத்தில் நின்று பார்த்ததில் எந்த ஸ்பேனர் என்று தெரியும். நிஜாம் உளியால் கிழித்த கோடுகள் இரண்டு. பழையது, அதற்கு முன்பக்கம் புதியது. இடையே ஓர் அரிசி அகலம்கூட இல்லை. நட்டைத் தளர்த்தினேன். தலையைப் பின்பக்கம், டிரைவர் பக்கம் திருப்பினேன். பழைய கோட்டைத் தாண்டி அதே அளவு. இறுக்கினேன். ஸ்டார்ட் செய்தேன்.

சத்தம் மாறிவிட்டது. எனக்கே கேட்டது.

பிரகாஷ் ஆபீஸிலிருந்து ஓடிவந்தான். என்னை இறக்கிவிட்டு எடுத்துக்கொண்டு போனான். எட்டு நிமிடம் கழித்து வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர், காற்றால்.

"நாலாவதுல ஏறுதுடா. முன்னைவிடப் பறக்குது. என்னடா பண்ணின?"

சொன்னேன். தப்பு பாயுடையது இல்லை, என் வாக்கியத்துடையது என்றேன். நோட்டைக் காட்டினேன். அவன் அதைப் பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனான். நானும் போனேன்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"முன்னேன்னு தெளிவாத்தானே எழுதியிருக்கீங்க."

"ஐயா, அவர் அதைப் பக்கம்னு எடுத்துக்கிட்டார். நான் நேரம்னு எழுதினேன். படிக்கிறவருக்கு ரெண்டும்..."

"நேரத்தைன்னுதானே போட்டிருக்கு. நேரத்தை முன்னே. இதுல என்ன சந்தேகம்? அவன் தப்பாத் திருப்பிட்டான்."

"டைமிங் லேட்டா இருக்குன்னு அவர் சொன்னார் ஐயா. நான்தான் கேட்கலை."

"கேட்கறது உங்க வேலை இல்லையே. திருப்பறது அவன் வேலை."

பிரகாஷ் வெளியே வந்ததும் தோளில் கை போட்டான். "பாயைக் காப்பாத்தப் பாக்கறே. நல்ல மனசுடா. ஆனா நோட்டுல ஒரு தப்பும் இல்ல பாரு. கிண்டி ஆளை வேணாம்னு சொல்லிடறேன். நீ போதும்."

நோட்டு பெரியவர் மேஜையில் இருக்கிறது. அதைக் காட்டியிருக்க வேண்டாம்.

ஜனவரி 26, வெள்ளி. விடுமுறை

ஆவடியில் காலையிலேயே ஒலிபெருக்கி. பூந்தமல்லி பஸ்ஸில் கொடி குத்திய பிள்ளைகள்.

நிஜாம் புளியமரத்தடியில் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். முழங்கையில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம் திருப்புன?"

"டிரைவர் பக்கம்."

"எவ்ளோ?"

"பழைய கோட்டுக்கு அந்தாண்ட, அதே அளவு."

"சத்தம் எப்டி கீது இப்போ?"

எனக்குச் சொல்ல வரவில்லை. அவரே வாயால் ஒரு சத்தம் போட்டார், அடித்தொண்டையில். "இப்டியா?"

இல்லை என்றேன். இன்னொன்று போட்டார், சற்று இறுக்கமாக, மேலே ஏறி. "இப்டி?"

"ஆமாம் பாய். அதேதான்."

தலையை ஆட்டினார். "அப்ப என் காது சரிதான்."

சந்தோஷமாகவே சொன்னார். அதைத் தாங்க முடியவில்லை. உள்ளேயிருந்து ஜமீலா யாரென்று கேட்டார். "கம்பெனி ரைட்டரு" என்றார்.

பிறகு: "மொதலாளி கைல சொன்னியா?"

"சொன்னேன். நம்பலை."

"இன்னா சொல்லி சொன்ன?"

"நோட்டைக் காட்டி, அதுல இருக்கிற..."

"அட போய்யா. நோட்ட எதுக்கு காட்டுன? நோட்டு உன் கட்சி ஆச்சே. வெறும் வாயால சொல்லிருந்தா நம்பிருப்பாரு."

ஒரு போல்ட்டை மண்ணெண்ணெயில் போட்டு அலசினார். சிரிப்பு போய்விட்டது.

"நாளைக்கு நானே வந்து கேக்கறேன். நீ பக்கத்துல நில்லு. நிக்கிறியா?"

நிற்கிறேன் என்றேன்.

டீ வந்தது. குடித்தேன். ஜன்னல் வழியாகப் போன சிவப்புக் கோட்டில் ஜமீலா பாதி வரை சுண்ணாம்பு அடித்திருக்கிறார். ஈரத்தில் கோடு மறுபடி மேலே தெரிகிறது.

ஜனவரி 27, சனி

பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, சவரம். கேட்டில் நிற்க வைத்தார்கள். வாட்ச்மேன் சீட்டு கொண்டுவந்தான். நான் பெரியவர் அறையில், டிக்டேஷன் எடுத்துக்கொண்டு.

பெரியவர் சீட்டைப் பார்த்தார். "வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க."

"ஐயா, ஒரு நிமிஷம் பார்த்தீங்கன்னா..."

"ஷெட்ல பெட்டி வெச்சாச்சு. அவரை எதுக்கு வெயில்ல நிக்க வைக்கிறீங்க? போய்ச் சொல்லிட்டு வாங்க. ஹைதராபாத் கடிதம் முடியணும்."

போனேன். கேட் வரை நூற்றுப் பத்து அடி. நடக்கும்போது நான் என்ன வாக்கியம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே, "சரி சரி" என்றார்.

"பாய், நான் திரும்ப..."

"வுடு ரைட்டரே. மச்சான் ஒருத்தன் வாலாஜாவுல லாரி பட்டறை வெச்சிகீறான். ரொம்ப நாளா கூப்டுகினுதான் கீறான்."

"ஜமீலாம்மா?"

"அவ இங்க அவுங்க அம்மா ஊட்ல. பாப்போம்."

கையைக் கொடுத்தார். முதல் முறையாக எண்ணெய் இல்லாத கை.

நிற்கிறேன் என்று சொல்லியிருந்தேன். நின்றேன். கேட்டுக்கு இந்தப் பக்கம்.

பிறகு ஹைதராபாத் கடிதம். நாலாயிரம் போல்ட், திருகு மறை சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தப்பு நம்முடையது இல்லை என்று எழுத வேண்டும். எழுதினேன். நன்றாக வந்தது.

ஜனவரி 29, திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

அக்கா கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொண்டாள்.

சோழவரம் பந்தய ஓட்டத்துக்கான விண்ணப்பப் படிவம். பிரகாஷ் டைப் அடிக்கச் சொன்னான், மூன்று பிரதி. ஓட்டுநர் பெயர். வண்டி. இன்ஜின் திறன். மெக்கானிக் பெயர்.

"உன் பேரைப் போடுடா. நீதானே சரி பண்ணின."

"நான் மெக்கானிக் இல்ல."

"அப்ப காலியா விட்டா எடுத்துக்க மாட்டாங்க. ரெண்டு மணிக்கு அனுப்பணும்."

நிஜாம் என்று அடித்திருக்கலாம். அது பிரகாஷுக்கும் தோன்றியிருக்கும், பெரியவர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

என் பெயரை அடித்தேன்.

கார்பன் தாள் தேய்ந்து போயிருந்தது. மூன்றாவது பிரதியில் பெயர் விழவில்லை. புதுக் கார்பன் வைத்து மறுபடி அடித்தேன்.